பற்பசையில் ஈயமா? கொழும்பில் சோதித்துப் பார்க்கவும் முறையிடவும் ஒரு வழிகாட்டி

2025 ஏப்ரலில் அமெரிக்காவில் 51 வகைப் பற்பசைகளைச் சோதித்த முடிவுகள் செய்தியாக வெளிவந்தன. பத்துக்கு ஒன்பதில் ஈயம், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் ஆர்செனிக், பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் பாதரசம், மூன்றில் ஒரு பங்கில் காட்மியம். அந்தச் செய்தி வெள்ளவத்தைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தபோது "எல்லாப் பேஸ்டிலும் நஞ்சு, உடனே எறியுங்கள்" என்ற ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. எவ்வளவு ஈயம், அது ஆபத்தான அளவா, நம் கையில் இருக்கும் டியூபை எங்கே சோதிக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நான் கேட்டுப் போன இடங்களில் ஒரு கருமபீடம் இன்னொரு கருமபீடத்தைக் கை காட்டியது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த விஷயத்தில் "தரமானது", "பாஸ்", "பாதுகாப்பானது" என்று யார் சொன்னாலும் அதோடு நிற்காதீர்கள். எண்ணைக் கேளுங்கள். ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் ஈயம் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியும்.

1. இன்றிரவே செய்யக்கூடியது: பிரஷில் வைக்கும் அளவைக் குறையுங்கள்

இதற்குக் காசும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். எல்லாப் படிகளிலும் அதிகப் பயன் தருவது இதுதான்.

கணக்கைப் பாருங்கள். 1 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பற்பசையில் 1 மைக்ரோகிராம் உலோகம். விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ ஒரு கிராம் வரும். பட்டாணி அளவு கால் கிராம். அரிசி மணி அளவு அதிலும் பாதிக்குக் கீழே, சுமார் 0.1 கிராம்.

பற்பசைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 11609, ஈயம் போன்ற பார உலோகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது 20 பி.பி.எம். அந்த விளிம்பில் நிற்கும் ஒரு பற்பசை அந்தத் தரப்படி "பாஸ்". ஆனால் அந்த 20உம் ஈயமாகவே இருந்து, துப்பத் தெரியாத ஒரு குழந்தை அதைப் பட்டாணி அளவில் நாளுக்கு இரண்டு முறை விழுங்கினால் 10 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு உணவின் மூலம் ஒரு நாளுக்கு வைத்திருக்கும் இடைக்கால எச்சரிக்கை அளவே 2.2 மைக்ரோகிராம்தான். பிரஷ் நிறையப் பிதுக்கி விழுங்கினால் 40 மைக்ரோகிராம். அதே பற்பசையை அரிசி மணி அளவில் வைத்தால் 4. பற்பசையில் 1 பி.பி.எம். மட்டுமே இருந்து பட்டாணி அளவு வைத்தால், முழுவதையும் விழுங்கினாலும் அரை மைக்ரோகிராம்தான்.

மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு என்பது பல் மருத்துவர்கள் புளோரைட்டுக்காகச் சொல்லும் அளவு. ஈயத்துக்கும் அதுவே உதவுகிறது. பிதுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். ஸ்ட்ரோபெரி, பபிள்கம் சுவைப் பற்பசை என்றால் இன்னும் கவனம், பிள்ளைகள் அதை இனிப்பாக நினைத்து விழுங்குகிறார்கள். எண்ணெய்ப் பலகாரம் போல டியூபை எட்டாத தட்டில் வைப்பதுதான் நல்லது.

2. லேபிளைப் படியுங்கள், ஆனால் லேபிள் எதைச் சொல்லாது என்றும் தெரிந்திருங்கள்

ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் எதுவும் லேபிளில் இருக்காது. இவை யாரும் வேண்டுமென்று சேர்ப்பவை அல்ல. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் எடுக்கும் மூலப்பொருட்களோடு ஒட்டிக்கொண்டு வருபவை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அந்த மூலப்பொருட்களைத்தான்: கல்சியம் காபனேற்று, பென்டோனைட், கயோலின் போன்ற களிமண் வகைகள், ஹைட்ரொக்ஸிஅபடைட், கரி. சிவப்புப் பற்பொடிகளில் காவிக்கல். இவை இருந்தாலே பற்பசை கெட்டது என்று அர்த்தமில்லை. சுத்தமான சுரங்கத்துக் கல்சியம் காபனேற்றும் உண்டு, அழுக்கானதும் உண்டு. கொம்பனி மூலப்பொருளைச் சோதித்து வாங்குகிறதா என்பதே கேள்வி. களிமண் சேர்ந்த பற்பசையைச் சிறு பிள்ளைக்கு நான் வாங்குவதில்லை. அது என் தெரிவு.

இங்கே ஆட்கள் வழுக்கி விழும் இடங்கள் சில.

"இயற்கையானது", "மூலிகை" என்ற சொற்கள் பார உலோகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஈயமும் இயற்கையானதுதான்.

டியூபின் அடியில் இருக்கும் பச்சை, கறுப்பு, நீலச் சதுரத்தைப் பார்த்து "பச்சை என்றால் மூலிகை, கறுப்பு என்றால் இரசாயனம்" என்று சொல்வது வெறும் வதந்தி. அது டியூபை எங்கே வெட்டி மூடுவது என்று இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அடையாளம்.

எஸ்.எல்.எஸ். என்ற மூன்றெழுத்து நம் ஊரில் இரண்டு இடங்களில் வரும். ஒன்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தர முத்திரை. மற்றது நுரை வரச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேற்று. "எஸ்.எல்.எஸ். இல்லாதது" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது நுரைப்பொருள் இல்லை என்று சொல்கிறது. வாய்ப்புண் அடிக்கடி வருபவர்களுக்கு அது ஒரு வசதி. ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புளோரைட் பார உலோகம் அல்ல. இந்தப் பயத்தில் பலர் முதலில் தூக்கி எறிவது புளோரைட் பற்பசையைத்தான், பிறகு வாங்குவது களிமண் கலந்த "புளோரைட் இல்லாத" பற்பசையை. பிள்ளையின் பல்லும் போய், ஈயத்துக்கும் வழி திறந்த கதையாகிவிடும். பற்சொத்தையைத் தடுக்க 1000 பி.பி.எம். புளோரைட்டாவது வேண்டும். லேபிளில் சதவீதமாக இருந்தால் இப்படி மாற்றுங்கள்: சோடியம் புளோரைட் 0.22% என்றால் ஏறத்தாழ 1000 பி.பி.எம்., சோடியம் மொனோபுளோரோபொஸ்பேற்று 0.76% என்றாலும் ஏறத்தாழ 1000. உச்ச அளவு 1500. அநுராதபுரம் போன்ற வறண்ட வலயத்துக் கிணற்றுநீரில் இயற்கையாகவே புளோரைட் அதிகம் என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் இதற்குப் பயப்படுவது புரிகிறது. கொழும்புக் குழாய்நீருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. விடுமுறைக்கு ஊரில் நீண்ட நாள் தங்கும் பிள்ளை என்றால் பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

லேபிளில் கட்டாயம் தேட வேண்டிய ஒரு சொல் டைஎத்திலீன் கிளைக்கோல். கிளிசரினுக்குப் பதிலாக மலிவுக்குச் சேர்க்கப்படும் நஞ்சு அது. 2007இல் பனாமாவில் ஒரு வாடிக்கையாளர் கடையில் நின்று டியூபின் லேபிளைப் படித்து, அந்தப் பெயரைக் கண்டு முறையிட்டதால்தான் பல நாடுகளில் அப்படிப்பட்ட பற்பசைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. லேபிளிலேயே எழுதியிருந்தார்கள், யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். பொலிஎத்திலீன் கிளைக்கோல் வேறு, பயன்பாட்டில் உள்ள சாதாரணப் பொருள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டைஒக்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது. பற்பசையில் இன்னும் அனுமதி உண்டு. விரும்பினால் அது இல்லாததை வாங்கலாம், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. வாங்கும்போதே சான்றுகளைச் சேருங்கள்

பின்னால் முறையிடப் போகிறீர்களோ இல்லையோ, இவை கையில் இருக்கட்டும்:

- பற்றுச்சீட்டு. பொருளின் பெயரும் திகதியும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும், அது நுகர்வோர் சட்டத்தில் உள்ளது. புறக்கோட்டை நடைபாதையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அதனால் சோதனைக்கென்று வாங்கும் டியூபை அங்கே வாங்காதீர்கள்.
- டியூபின் முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு ஓரம் மூன்றின் தெளிவான படங்கள். தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி பெரும்பாலும் மடிப்பு ஓரத்தில் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் படத்தில் விழும்.
- வெளிப்பெட்டி. எறிந்துவிடாதீர்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், ஆகக்கூடிய சில்லறை விலையும் பெட்டியில் ஒட்டியிருக்கும், டியூபில் இல்லாமல் போகலாம்.
- ஒரே தொகுதி இலக்கத்தில் திறக்காத மூன்று டியூப்கள். ஒன்று சோதனைக்கு, ஒன்று முறைப்பாட்டுக்கு, ஒன்று உங்கள் அலுமாரிக்கு.

இறக்குமதியாளர் ஸ்டிக்கரே இல்லாத இந்திய அல்லது வளைகுடாப் பற்பசை என்றால் அது பயணப்பெட்டியில் வந்தது. அதில் பிரச்சினை வந்தால் பொறுப்பேற்க இங்கே ஆளில்லை. சோதிக்கக் காசு செலவழிப்பதைவிட அதை வாங்காமல் விடுவது மலிவு.

முத்திரையைச் சரிபார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். எஸ்.எல்.எஸ். முத்திரைக்கு அருகே எண் இருக்கும். அந்த உற்பத்திக்கு அனுமதி நடப்பில் உள்ளதா என்று கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் கேட்கலாம். பற்பசைக்கான இலங்கைத் தரக் கட்டளையின் பிரதியையும் அங்கே விலைக்கு வாங்கலாம். வாங்காமல் நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தாலும் போதும். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் எவ்வளவு வரம்பு என்ற வரிகளை மட்டும் பாருங்கள்.

4. கொம்பனிக்கு ஒரு கடிதம்

ஆய்வுகூடத்துக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். மின்னஞ்சலுக்குச் செலவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் "எங்கள் தயாரிப்பு எல்லாத் தரத்துக்கும் உட்பட்டது" என்ற பதில்தான் வரும். எழுத்தில் கேளுங்கள், இப்படி:

"உங்கள் இன்ன பற்பசை, தொகுதி இலக்கம் இன்னது, இன்ன திகதியில் வாங்கினேன். இந்தத் தொகுதியில் ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் ஒவ்வொன்றும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும், சோதித்த முறையையும், அந்த முறை கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவையும் அறியத் தரவும்."

இரண்டு கிழமை காத்திருங்கள். மூன்று விதமான பதில் வரும். எண்களோடு வந்தால் நல்லது, உங்கள் வேலை பாதி முடிந்தது. "தரத்துக்கு உட்பட்டது" என்று மட்டும் வந்தால் அந்த மின்னஞ்சலை அப்படியே வைத்திருங்கள், முறைப்பாட்டோடு இணைக்கலாம். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு சான்று. நான் எழுதிய ஒரு நிறுவனம் பரிசுக் கூப்பன் அனுப்பியது, எண்ணை அனுப்பவில்லை.

5. ஆய்வுகூடம்: எங்கே, எதைக் கேட்பது, எவ்வளவு காசு

பணம் போகும் படி இதுதான், கவனமாகப் படியுங்கள்.

கொழும்பில் முதலில் விசாரிக்க வேண்டியது கொழும்பு 7, பௌத்தாலோக்க மாவத்தையில் இருக்கும் அரச நிறுவனமான ஐ.டி.ஐ., அதாவது கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம். தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. எதுவானாலும் ஆய்வுகூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதோடு நிற்க வேண்டாம். அந்த அங்கீகாரம் சோதனைவாரியாகக் கொடுக்கப்படுவது. தண்ணீரில் ஈயம் பார்க்க அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்குப் பற்பசையில் ஈயம் பார்க்க அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். "இந்தச் சோதனை உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள்.

நேரில் போகும் முன் மின்னஞ்சலில் விலைக் கேள்வி அனுப்புங்கள். கேட்க வேண்டியவை:

- எந்தக் கருவி? ஐ.சி.பி.எம்.எஸ். என்றால் மிக நுண்ணிய அளவையும் காட்டும். அணு உறிஞ்சல் முறை என்றால் கிராபைட் உலையா, சுடரா என்று கேளுங்கள். சுடர் முறை மலிவு, நுட்பம் குறைவு.
- கண்டறியும் எல்லை எத்தனை? ஈயத்துக்கு 0.5 பி.பி.எம். அல்லது அதற்குக் கீழே போக முடியாவிட்டால் அந்தச் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள்.
- மாதிரியை எந்த அமிலத்தில் கரைப்பார்கள்? களிமண், சிலிக்கா கலந்த பசை நைத்திரிக் அமிலத்தில் மட்டும் முழுதாகக் கரையாது. கரையாமல் அடியில் தங்கும் பொடியோடு ஈயத்தின் ஒரு பகுதியும் தங்கிவிட்டால் எண் குறைவாகக் காட்டும். மாதிரி களிமண் சார்ந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
- எத்தனை கிராம் வேண்டும், டியூபைத் திறக்காமல் கொடுக்கலாமா?
- எத்தனை வேலை நாட்கள்?

கட்டணம் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடும், அடிக்கடி மாறும். ஆனால் அதன் அமைப்பு ஒன்றுதான்: ஒவ்வோர் உலோகத்துக்கும் தனிக் கட்டணம், மாதிரியைத் தயாரிப்பதற்குச் சில இடங்களில் தனிக் கட்டணம், அதன்மேல் 18% பெறுமதி சேர் வரி. வாயால் சொல்லும் விலையில் வரி சேராமல் இருக்கும், மொத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். நான்கு உலோகங்களுக்கும் சேர்த்துச் செய்தால் செலவு கனமாகத்தான் இருக்கும். குறைக்க இரண்டு வழி. ஒன்று, முதலில் ஈயத்தை மட்டும் பாருங்கள், அது அதிகமாக வந்தால் மற்றவற்றுக்குப் போகலாம். இரண்டு, ஒரே பற்பசையைப் பாவிக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாதிரிக்குக் காசு போடுங்கள். அடுக்குமாடித் தொடர் ஒன்றில் இது சுலபம். ஆனால் பல டியூப்களை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்துவிடாதீர்கள். எந்தத் தொகுதியில் எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போகும்போது அடையாள அட்டை, ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம், திறக்காத டியூபும் அதன் பெட்டியும், பற்றுச்சீட்டின் பிரதி. ஏற்றுக்கொண்டதற்கான சீட்டில் தொகுதி இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். "வெள்ளைப் பற்பசை" என்று மட்டும் எழுதித் தந்தால் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள், பின்னால் அது மிகப் பெரிய ஓட்டையாகிவிடும். நாட்களைக் கணக்கிடும்போது போயா தினத்தையும் நீண்ட வார இறுதிகளையும் கழியுங்கள். ஏப்ரலில் கொடுத்தால் புத்தாண்டு விடுமுறையும் சேரும்.

குறுக்கு வழிகள் இரண்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். செட்டியார் தெரு நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கதிர் இயந்திரத்தில் பற்பசையை வைத்துப் பார்க்கலாமா என்பது ஒன்று. அது தங்கக் கலவைக்கு அளவு சீர் செய்யப்பட்டது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈயம் அதற்குத் தெரியாது. "ஒன்றுமில்லை அண்ணை" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாக இருந்தாலும் உங்களுக்குப் பிரயோசனமில்லை. மற்றது ஈயம் பார்க்கவென்று ஒன்லைனில் விற்கும் குச்சி. தடவினால் சிவப்பாகும் அந்தக் குச்சி பழைய சுவர் வர்ணத்துக்காகச் செய்யப்பட்டது. பசையில் இந்தச் சிறு அளவுக்கு அது நிறம் மாறாது. சிவப்புப் பற்பசையில் பூசினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

6. அறிக்கை வந்த பிறகு

அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: எண், அலகு, கண்டறியும் எல்லை.

அலகில் பலர் தடுமாறுகிறார்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் = 1 பி.பி.எம். = 1000 பி.பி.பி. வெளிநாட்டுச் செய்திகள் பி.பி.பி.யில் எழுதுவதால் எண் பெரிதாகத் தெரியும், 500 பி.பி.பி. என்பது அரை பி.பி.எம்.தான்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்தால் சந்தோஷப்படும் முன் எல்லையைப் பாருங்கள். எல்லை 5 பி.பி.எம். என்றால் 4.9 இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். இதனால்தான் முந்தைய படியில் அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது? ஐ.எஸ்.ஓ. தரம் மொத்தப் பார உலோகத்துக்கு 20 பி.பி.எம். கனடா அழகுசாதனங்களில் ஈயத்துக்கு 10, ஆர்செனிக்குக்கும் காட்மியத்துக்கும் தலா 3, பாதரசத்துக்கு 1. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலம் 2025 ஜனவரி முதல் ஈயத்துக்கு 1. ஜெர்மனி, கவனமாகத் தயாரித்தால் பற்பசையில் ஈயத்தை 0.5க்குக் கீழே வைக்க முடியும் என்று சொல்கிறது. 20க்கும் 0.5க்கும் நடுவே நாற்பது மடங்கு இடைவெளி, அதே பண்டத்துக்கு. வளர்ந்தவர்கள் துப்பிவிடும் பற்பசையில் 1 பி.பி.எம். வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். விழுங்கும் வயதுப் பிள்ளையின் பற்பசையில் 1க்கு மேல் வந்தால் மாற்றிவிடுவேன். 5க்கு மேல் என்றால் அடுத்த படிக்குப் போவேன், தரம் "பாஸ்" என்று சொன்னாலும்.

அறிக்கையின் அடியில் "கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்றொரு வரி இருக்கும். அது சம்பிரதாய வரி அல்ல. ஒரு டியூபின் முடிவை வைத்து அந்தக் கொம்பனியின் பெயரைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், ஆய்வுகூடமும் கைவிடும்.

பிள்ளை நீண்ட நாளாக அதே பற்பசையை விழுங்கியிருந்தால் குடும்ப வைத்தியரிடமோ பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையிலோ இரத்த ஈயச் சோதனை தேவையா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போது பற்பசையில் மட்டும் நின்றுவிட வேண்டாம். கண்ணுக்கிடும் சுர்மா, கலப்பட மஞ்சள்தூள், பழைய வீட்டின் உரியும் வர்ணம், பழைய பற்றரிகளைப் பிரிக்கும் பட்டறை ஆகியவை பற்பசையைவிடப் பல மடங்கு ஈயம் தரக்கூடியவை. பட்டறையில் வேலை செய்யும் அப்பாவின் சட்டையிலேயே அது வீட்டுக்கு வரும்.

7. முறைப்பாடு: மூன்று மாதத்தை மறக்காதீர்கள்

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கொழும்பு 2, வொக்சோல் வீதியில் இருக்கிறது. துரித எண் 1977. வர்ணப்பூச்சில் ஈயத்துக்கு வரம்பு விதித்ததும் இந்த அதிகாரசபைதான், ஆகவே "ஈயம் எங்கள் வேலையில்லை" என்று யாராவது சொன்னால் பணிவாக அதை நினைவூட்டலாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பொறி இங்கேதான் இருக்கிறது. கொம்பனியின் பதிலுக்கு இரண்டு கிழமை, விலைக் கேள்விக்கு ஒரு கிழமை, ஆய்வுகூடத்துக்குச் சில கிழமைகள், நடுவில் விடுமுறை. அறிக்கை கையில் வரும்போது மூன்று மாதம் ஓடிப்போயிருக்கும். அதனால் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். மாதிரியை ஆய்வுகூடத்தில் கொடுத்த கிழமையே "சோதனை நடக்கிறது, முடிவை இணைப்பேன்" என்று முறைப்பாட்டைப் போட்டுவிடுங்கள். 1977க்கு அழைத்துச் சொன்னது எழுத்து மூல முறைப்பாடு ஆகாது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

கடிதம் தமிழில் எழுதலாம், அது உங்கள் உரிமை. நடைமுறையில் சொன்னால், தமிழ்க் கடிதத்தோடு பொருளின் பெயர், தொகுதி இலக்கம், எண்கள் அடங்கிய அரைப் பக்க ஆங்கிலச் சுருக்கம் ஒன்றையும் இணைத்தால் கோப்பு மேசை மேசையாகத் தூங்காது. இது எரிச்சலான உண்மைதான்.

இணைக்க வேண்டியவை: பற்றுச்சீட்டின் பிரதி, மூன்று படங்கள், கொம்பனிக்கு எழுதிய மின்னஞ்சலும் பதிலும், ஆய்வுகூடச் சீட்டு. மூலப் பிரதிகளைக் கொடுக்க வேண்டாம். கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்: "இந்தத் தொகுதியின் மாதிரியைச் சந்தையிலிருந்து அதிகாரசபையே எடுத்துச் சோதித்து முடிவை அறியத் தரவும்." உங்கள் டியூப் உங்கள் கையில் இருந்து வந்தது என்பதால் அதை வைத்து மட்டும் வழக்குத் தொடுப்பது கடினம். அவர்களே எடுக்கும் மாதிரிதான் நிற்கும்.

ஆயுர்வேதப் பற்பசை, பற்பொடி என்றால் ஒரு பிரதியை நாவின்னையில் உள்ள ஆயுர்வேதத் திணைக்களத்துக்கும் அனுப்புங்கள். முரசு நோயைக் குணப்படுத்தும், பல் ஆட்டத்தை நிறுத்தும் என்று மருந்து போல விளம்பரம் செய்யும் பற்பசை என்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி. எஸ்.எல்.எஸ். முத்திரை இருந்தால் கட்டளைகள் நிறுவனத்துக்கும்.

8. பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். முதல் நான்கு பக்கப் பிரதிகளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். இப்படிக் கேளுங்கள்: முறைப்பாட்டு இலக்கம் இன்னது தொடர்பாகச் சந்தையிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டதா, எடுத்த திகதி, அனுப்பிய ஆய்வுகூடம், கிடைத்த அறிக்கையின் பிரதி. கடந்த ஓராண்டில் பற்பசைகளில் பார உலோகம் சோதித்த அறிக்கைகள் எல்லாவற்றின் பிரதிகளையும் தனி விண்ணப்பமாகக் கேட்கலாம், அதில் உங்கள் டியூபின் எண்ணும் இருக்க வாய்ப்புண்டு. மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியை எழுதி வாங்க மறந்துவிடாதீர்கள், நாட்களின் கணக்கு அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும்.